பூஜ்யத்தைக் கும்பிட்டது போதும்: பட்டியல் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த குத்துச்சண்டை வீரர்கள்’ என்று பட்டியல் போடும் பத்திரிகையாளர்களுக்கும், தொலைக்காட்சி வர்ணனையாளர்களுக்கும், தரவரிசைக் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பட்டியல் ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும் ரசிகர்களுக்குள் ஒரு சண்டை மூளுகிறது. டைசனா அலியா, மேவெதரா ராபின்சனா, மார்சியானோவை ஏன் கீழே தள்ளினார்கள் என்று விடிய விடிய வாதாடுகிறோம். எங்கள் ஊரிலும் இது உண்டு. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் டைசனின் நாக்-அவுட் துணுக்குகளைப் போனில் பார்த்துவிட்டு வந்து தாத்தாவோடு மல்லுக்கு நிற்கிறார்கள். இந்த வாதம் நடக்கட்டும். குத்துச்சண்டை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

என் குறை உங்கள் மேல்தான். வாதத்துக்கு அளவுகோல் தரவேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். நீங்களோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுவிட்டு, எதை வைத்துப் போட்டீர்கள் என்று சொல்லாமல் போய்விடுகிறீர்கள். அளவுகோல் இல்லாத இடத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொண்டது. மார்சியானோவின் 49-0. மேவெதரின் 50-0. தோல்விப் பத்தியில் இருக்கும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் மற்றக் கேள்விகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. போட்டி விளம்பரங்களும் அதையே விற்கின்றன. இளம் வீரர்களின் மேலாளர்களும் அதைக் காப்பாற்றவே எதிராளிகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். நான் கேட்பது இதுதான்: ஒருவர் யாரோடு மோதினார், இருவருக்கும் அப்போது என்ன வயது, என்ன எடை, எத்தனை ரவுண்டு, யாரைத் தவிர்த்தார், யாருக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்று சொல்லிவிட்டு அதன் பிறகு எண் போடுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். ‘இவர் அவரை அடித்திருப்பாரா’ என்பது ஒரு கேள்வி. ‘இவர் அவரைவிடப் பெரியவரா’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எடைப் பிரிவு போதும்: 112 பவுண்டில், அதாவது 51 கிலோவுக்கும் குறைவான எடையில் மோதும் ஃபிளைவெயிட் வீரர் எந்த ஹெவிவெயிட்டையும் அடிக்கப் போவதில்லை. 185 பவுண்டு இருந்த ராக்கி மார்சியானோ இன்றைய கணக்கில் ஹெவிவெயிட்டே கிடையாது. 200 பவுண்டு வரம்புள்ள குரூசர்வெயிட்டில்தான் நிற்பார். கால இயந்திரத்தில் ஏற்றி ஆளோடு ஆளை மோதவிடுவது ரசிகர்களின் மாலை நேரத்துக்கு நல்லது. நீங்கள் பட்டியல் போட எடுத்துக்கொண்டிருப்பது இரண்டாவது கேள்வியை. அதற்குப் பதில் வீரர் வாழ்ந்த காலத்துக்குள்தான் இருக்கிறது. தன் காலத்தில், தன் உடலைக்கொண்டு, தன் முன்னால் நின்றவர்களை என்ன செய்தார் என்பதே பேச்சு.

இந்த அளவுகோலோடு ஷுகர் ரே ராபின்சனைப் பாருங்கள். ஏட்டில் 19 தோல்விகள். பூஜ்ய பக்தர்கள் இதைச் சுட்டிக்காட்டித்தான் மேவெதரை மேலே ஏற்றுகிறார்கள். அந்த 19-ஐப் பிரித்துப் பார்த்தால் 13 தோல்விகள் 1960-இலும் அதற்குப் பிறகும் வந்தவை. ராபின்சன் தொழில்முறையில் இறங்கியது 1940-இல். அதாவது முதல் இருபது ஆண்டுகளில் ஆறே தோல்விகள். மற்றவை நாற்பதை ஒட்டியும் அதைத் தாண்டியும், பணத் தேவைக்காக ஊர் ஊராகப் போய் மோதிய காலத்தில் வந்தவை.

அந்த ஆறில் முதலாவதை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். அதுவரை 40 போட்டிகளில் தோல்வியே இல்லை. எதிரே ஜேக் லமோட்டா. ராபின்சனின் எடை 144 பவுண்டு சொச்சம், லமோட்டாவின் எடை 160 பவுண்டு சொச்சம். ஏழு கிலோவுக்கு மேல் வித்தியாசம். லமோட்டா புள்ளிகளில் ஜெயித்தார். இன்றைய நட்சத்திரம் ஒருவர் இப்படித் தோற்றால் ஓராண்டு ஓய்வு, புதிய பயிற்சியாளர், மறுபோட்டி ஒப்பந்தத்தில் நூறு நிபந்தனை என்று போகும். ராபின்சன் இரண்டு வாரத்தில் நியூயார்க்கில் கலிஃபோர்னியா ஜாக்கி வில்சன் என்ற தேர்ந்த வீரரோடு மோதி ஜெயித்தார். அதற்கு ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 26-ஆம் தேதி, அதே டெட்ராய்டில் அதே லமோட்டாவோடு மோதி ஜெயித்தார். மறுநாள் ராணுவத்தில் சேர்ந்தார். ஒரே மாதத்துக்குள் மூன்று போட்டிகள், அதில் இரண்டு தன்னைவிடக் கனமான, உலக சாம்பியனாகப் போகிற ஒருவரோடு! லமோட்டாவோடு மொத்தம் ஆறு முறை மோதி ஐந்தில் ஜெயித்தார். 1951 பிப்ரவரி 14-இல் சிகாகோவில் நடந்த ஆறாவது போட்டியில், கயிற்றில் சாய்ந்து நின்றபடி அடி வாங்கிய லமோட்டா கடைசிவரை கீழே விழவில்லை. 13-ஆவது ரவுண்டில் நடுவர் போட்டியை நிறுத்தினார். மிடில்வெயிட் பட்டம் ராபின்சனுக்கு வந்தது.

இன்னொரு தோல்வி 1952 ஜூன் 25, யாங்கி ஸ்டேடியம். லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜோயி மாக்சிமோடு மோதினார். மறுபடியும் ஏழு கிலோ குறைவு. அன்று ரிங் ஓரத்தில் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் வெப்பம் தாங்காமல் விலக, வேறொருவரை ஏற்றினார்கள். புள்ளிகளில் முன்னணியில் இருந்த ராபின்சன் 14-ஆவது ரவுண்டுக்கு எழுந்து வர முடியவில்லை. ஏட்டில் அது ஒரு தோல்வி. வெல்டர்வெயிட், மிடில்வெயிட் பட்டங்களுக்குப் பிறகு மூன்றாவது எடைப் பிரிவில் பட்டத்துக்கு இவ்வளவு அருகில் போனதை ‘1’ என்ற எண்ணாக மட்டும் பார்க்கிறவருக்குக் குத்துச்சண்டையில் பாதி தெரியாமல் போய்விடும்.

ஃபிளாய்ட் மேவெதரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவருடைய தற்காப்புக்கு இணையாக நான் பார்த்தது மிகக் குறைவு. இடது தோளை உயர்த்தி, வலது கை தாடையோரம் காத்து நிற்க, குத்து வந்து தோளில் உரசிப் போகும் அந்தக் கணத்திலேயே வலது கை பதிலடியாகப் பாயும். 2001-இல் டியாகோ கொராலஸை ஐந்து முறை கீழே தள்ளிய ஆட்டம் எந்தக் காலத்திலும் எடுத்துக்காட்டாக நிற்கும். ஆனால் 50-0 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஐம்பதாவது வெற்றி, 2017-இல், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதற்கு முன் ஒரு போட்டிகூட ஆடாத, கலப்புத் தற்காப்புக் கலை வீரரான கானர் மெக்ரெகருக்கு எதிராக. 2009-இல் லைட்வெயிட்டிலிருந்து மேலே ஏறி வந்த யுவான் மானுவல் மார்க்கெஸோடு மோதும்போது, ஒப்புக்கொண்ட எடையைத் தாண்டி வந்து அபராதம் கட்டினார். 2013-இல் மோதியபோது மெக்சிகோவின் கனேலோ ஆல்வரெஸுக்கு வயது 23. அவரை 152 பவுண்டுக்கு இறக்கித்தான் போட்டி நடந்தது. பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவோடு 2009 முதல் பேச்சுவார்த்தை. மோதியது 2015 மே மாதம், பாக்கியாவுக்கு 36 வயதான பிறகு. இவை எதுவும் மேவெதரின் திறமையைப் பறிக்கவில்லை. 50-0 என்பதன் பின்னால் எத்தனை கணக்கு ஒளிந்திருக்கிறது என்றுதான் காட்டுகின்றன. போட்டிப் பதிவுகளைத் தொகுக்கும் பாக்ஸ்ரெக் தளத்தின் கணினிக் கணக்கு ஒரு சமயம் அவரை எல்லாக் காலத்துக்கும் முதல்வராக நிறுத்தியது. கணினியை விடுங்கள். மனிதர்களான நீங்கள் அதற்குத் தலையாட்டியதுதான் எனக்கு வலித்தது.

மார்சியானோவின் 49-0 இன்னும் நல்ல பாடம். 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. ஜெர்ஸி ஜோ வால்காட்டின் ஹெவிவெயிட் பட்டத்துக்கான போட்டி. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். 12 ரவுண்டுகள் முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டைகளிலும் வால்காட் முன்னணி. 13-ஆவது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை ஒரு சாண் தூரம்கூடப் பயணிக்காமல் வால்காட்டின் தாடையில் இறங்கியது. வால்காட் ஒரு கை கயிற்றில் மாட்டியபடி மடிந்து விழுந்தார். அன்று பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982-இல் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக்-கூ கிம் 14-ஆவது ரவுண்டில் விழுந்து இறந்ததையடுத்து, உலக அமைப்புகள் ஒவ்வொன்றாக 12 ரவுண்டுக்கு வந்தன. 12 ரவுண்டு விதி 1952-இல் இருந்திருந்தால் மார்சியானோவின் புகழ்பெற்ற பூஜ்யம் அன்றே போயிருக்கும். ஜோ லூயிஸ் 1941-இல் பில்லி கானை வீழ்த்தியதும் 13-ஆவது ரவுண்டில்தான். அதுவரை கான்தான் கை ஓங்கி நின்றார். 1981-இல் ஷுகர் ரே லெனார்டு தாமஸ் ஹெர்ன்ஸை நிறுத்தியது 14-ஆவதில். மூன்று அட்டைகளிலும் ஹெர்ன்ஸ் முன்னால் இருந்தார். கடைசி மூன்று ரவுண்டுகளில் எழுதப்பட்ட வரலாறு அவ்வளவு. அந்த ரவுண்டுகளே இல்லாத காலத்து வீரரை, அவற்றைக் கடந்து வந்தவரோடு ஒரே பத்தியில் வைக்கும்போது ஒரு வரியாவது குறிப்பு வேண்டாமா?

மார்சியானோ வீழ்த்திய பெரிய பெயர்களின் வயதையும் எழுதுங்கள். லூயிஸுக்கு 37. வால்காட்டுக்கு 38. ஆர்ச்சி மூரின் பிறந்த ஆண்டே சர்ச்சைக்குரியது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நாற்பதை நெருங்கியவர் அல்லது தாண்டியவர். மார்சியானோ தன் முன் வந்த எவரையும் தட்டிக்கழிக்கவில்லை, அது அவர் பெருமை. அந்தப் பெருமையைச் சொல்லுங்கள். எண்ணைச் சொல்லாதீர்கள்.

அவரிடம் இரண்டு முறை தோற்ற ஒருவரைப் பற்றித்தான் இந்த மடலில் எனக்கு அதிகம் பேசவேண்டும். எஸார்ட் சார்ல்ஸ். பொது ரசிகர்களுக்கு அவர் மார்சியானோவின் படங்களில் அடி வாங்கும் மனிதர். 25 தோல்விகள் வேறு. உங்கள் பட்டியல்களில் பத்துக்குள் அவரைப் பார்ப்பது அரிது.

சார்ல்ஸின் உண்மையான எடை மிடில்வெயிட்டும் லைட் ஹெவிவெயிட்டும். 21 வயதுகூட நிறையாத நிலையில், 1942-இல், அந்தக் காலத்துச் சாம்பியன்கள் தள்ளி நின்ற சார்லி பர்லியை ஐந்து வார இடைவெளியில் இரண்டு முறை வென்றார். ராணுவத்திலிருந்து திரும்பிய பின் ஆர்ச்சி மூரை 1946, 1947, 1948 என்று மூன்று முறை தோற்கடித்தார். மூன்றாவது முறை நாக்-அவுட். லைட் ஹெவிவெயிட்டின் வரலாற்றிலேயே மூர்தான் முதல்வர் என்று சொல்பவர்கள் உங்களில் பலர். அந்த மூரை மூன்று முறை அடித்தவரை எங்கே வைப்பீர்கள்? லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கு மோத சார்ல்ஸுக்கு ஒருமுறைகூட வாய்ப்புத் தரவில்லை. பட்டம் இல்லாததால் பட்டியலில் இடமில்லை என்றால், வாய்ப்பை மறுத்தவர்களின் தீர்ப்பை நீங்களும் வழிமொழிகிறீர்கள் என்று பொருள்.

1948 பிப்ரவரியில் சார்ல்ஸோடு மோதிய சாம் பரூடி என்ற இளைஞர் இறந்துபோனார். அதன் பிறகு சார்ல்ஸின் ஆட்டத்தில் பழைய வேட்டை வெறி திரும்பவில்லை என்று அவரைத் தொடர்ந்து பார்த்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனநிலையோடு எடையில் மேலே ஏறி, 1949-இல் வால்காட்டை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். 1950-இல், தன்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதலாக இருந்த ஜோ லூயிஸை 15 ரவுண்டுகளில் வென்றார். 1954 ஜூனில் மார்சியானோவோடு 15 ரவுண்டும் நின்று ஆடினார். பட்டப் போட்டிகளில் மார்சியானோவோடு முழு ரவுண்டும் தாக்குப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான். அவருடைய 25 தோல்விகளில் பாதி அதற்கும் பிறகு வந்தவை. பின்னாளில் அவர் உடலை முடக்கிய நரம்பு நோயை நினைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் போட்டிகளைப் பார்த்தால் மனம் கனக்கிறது. பூஜ்யத்தின் ஆட்சியில் மிக மோசமாக நசுக்கப்பட்டவர் சார்ல்ஸ். லைட் ஹெவிவெயிட்டில் மூருக்கு மேலே, எல்லா எடையிலும் சேர்த்து முதல் பத்துக்குள் அவரை வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இனி வாய்ப்பே பெறாதவர்கள். 1915-இல் கறுப்பினத்தவரான ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் ஹவானாவில் பட்டத்தை இழந்தார். 1937-இல் ஜோ லூயிஸ் ரிங்கில் ஏறும்வரை 22 ஆண்டுகள் கறுப்பினத்தவர் ஒருவருக்குக்கூட ஹெவிவெயிட் பட்டப் போட்டி தரப்படவில்லை. ஹாரி வில்ஸ் அந்த வாசலில் நின்றே வயதாகிப் போனார்; ஜாக் டெம்ப்சி ஏழாண்டு சாம்பியனாக இருந்தும் அவரோடு மோதவில்லை. டெம்ப்சியைப் பட்டியலில் ஏற்றும்போது இதை எழுதுங்கள்.

சாம் லாங்ஃபோர்டின் கதை இதைவிடக் கொடியது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். உயரம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல். 1903-இல் லைட்வெயிட் உலக சாம்பியன் ஜோ கான்ஸை வென்றார். எடை வரம்பைத் தாண்டியிருந்ததால் பட்டம் கிடைக்கவில்லை. 1904-இல் வெல்டர்வெயிட் சாம்பியன் பார்படோஸ் ஜோ வால்காட்டோடு சமன் (மார்சியானோவிடம் தோற்ற வால்காட் வேறு ஆள்). அங்கிருந்து மிடில்வெயிட், லைட் ஹெவிவெயிட், ஹெவிவெயிட் என்று ஏறிப் போனார். 1906-இல் தன்னைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் கனமான ஜாக் ஜான்சனிடம் 15 ரவுண்டில் தோற்றார். 1908-இல் ஜான்சன் உலக சாம்பியனானார். தானே நிறவெறிக்கு இரையானவர். ஆனாலும் பட்டம் கையில் இருந்தவரை லாங்ஃபோர்டுக்கு மறுபோட்டி தரவில்லை. வெள்ளையர்களும் தரவில்லை, ஜான்சனும் தரவில்லை. அதனால் லாங்ஃபோர்டு மற்றக் கறுப்பின ஹெவிவெயிட்டுகளோடு திரும்பத் திரும்ப மோதினார். வில்ஸோடு மட்டும் பதினைந்து முறைக்கு மேல். கண் பார்வை போகப் போக மோதினார். 1944-இல் ஆல் லேனி என்ற பத்திரிகையாளர் தேடிப்போனபோது, ஹார்லெமில் ஓர் அறையில் பார்வையில்லாமல், கையில் காசில்லாமல் இருந்தார். அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் அவருக்காக நிதி திரண்டது. லைட்வெயிட் சாம்பியனை வென்று ஹெவிவெயிட்டுகளை நாக்-அவுட் செய்த இன்னொரு மனிதர் யார் என்று சொல்லுங்கள்.

பர்லியும் அப்படியே. 1944-இல் ஆர்ச்சி மூரைப் பலமுறை கீழே தள்ளி வென்றவர் அவர். பட்டப் போட்டி கிடைக்கவே இல்லை. பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் வேலை செய்து பிழைத்தார். என் அளவுகோல் என் நாயகனுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? ஷுகர் ரே ராபின்சனும் பர்லியோடு மோதவில்லை. ராபின்சனுக்கு நான் முதலிடம் கேட்கிறேன். அந்த இடத்தின் கீழேயே இந்த வரியையும் அச்சிடுங்கள் என்றும் கேட்கிறேன்.

எடைக்கு வருவோம். ஒருகாலத்தில் எட்டுப் பிரிவுகள், பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்பதே பொது வழக்கம். இன்று குறைந்தது 17 பிரிவுகள், நான்கு பெரிய அமைப்புகள், அவற்றின் இடைக்காலப் பட்டங்கள் தனி. 1938-இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார். உலகத்தில் எட்டே கிரீடங்கள், அதில் மூன்று ஒரு தலையில்! வெல்டர்வெயிட் பட்டத்தை பார்னி ராஸிடமிருந்து எடுத்த இரவில்கூட அவர் எடை லைட்வெயிட் வரம்புக்குள்தான் இருந்தது. ‘நான்கு பிரிவுச் சாம்பியன்’, ‘ஐந்து பிரிவுச் சாம்பியன்’ என்று இன்று அறிவிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கியாவ் விதிவிலக்கு. 51 கிலோவுக்குக் கீழே உலக சாம்பியனாகத் தொடங்கி, 12 ஆண்டுகளில் மார்கரீட்டோவை அடித்து சூப்பர் வெல்டர்வெயிட் பட்டம் எடுத்தவர். இடையில் எடையை ஒப்பந்தத்தில் குறைக்க வைத்த போட்டிகள் உண்டு, அதையும் எழுதுங்கள். அப்போதும் அவர் எட்டுத் தோல்விகளோடு மேவெதருக்கு மேலே நிற்பார் என்பது என் கணிப்பு. 2014-இல் லைட்வெயிட்டில் பட்டம் எடுத்த டெரன்ஸ் கிராஃபோர்டு, 2025 செப்டம்பரில் 76 கிலோவில் கனேலோவை வென்றதும் இதே தட்டில் வைத்து எடைபோட வேண்டிய சாதனை.

எடைபோடும் நேரமும் மாறிவிட்டது. முன்பு போட்டி நாளன்று காலையில் எடை பார்ப்பார்கள். இப்போது முந்தைய நாள். வற்றவைத்த உடலோடு தராசில் ஏறி, இரவு முழுக்க நீரும் உணவும் ஏற்றிக்கொண்டு மறுநாள் வேறு ஆளாக வருகிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஆர்ட்டூரோ காட்டி, ஜோயி கமாச்சோடு மோதியபோது 141 பவுண்டு வரம்புக்குச் சம்மதித்தவர், ரிங்கில் ஏறும்போது 160 பவுண்டு இருந்தார். கமாச் மூளைக் காயத்தோடு ஆட்டத்தை விட்டே போனார். ஆகவே ஏட்டில் உள்ள எடைப் பிரிவின் பெயர் 1940-இலும் 2000-இலும் ஒரே உடலைக் குறிக்கவில்லை.

சிறிய எடைகளை நீங்கள் நடத்தும் விதத்தில் எனக்குக் கோபமே உண்டு. பட்டியலில் ஹெவிவெயிட்டுகள் வரிசையாக நிற்பார்கள், ஃபிளைவெயிட்டும் பாண்டம்வெயிட்டும் கடைசிப் பக்கத்தில் ஒப்புக்குத் தலைகாட்டும். ஜப்பானின் ‘ஃபைட்டிங்’ ஹராடாவை உங்களில் எத்தனை பேர் முதல் ஐம்பதில் வைத்திருக்கிறீர்கள்? 1962-இல், 19 வயதில், தாய்லாந்தின் போன் கிங்பெட்சை வீழ்த்தி ஃபிளைவெயிட் சாம்பியன். 1965-இல் நகோயாவில் பிரேசிலின் எடர் ஜோஃப்ரேவை வென்று பாண்டம்வெயிட் சாம்பியன். ஜோஃப்ரே அதுவரை தோற்றதே இல்லை. அடுத்த ஆண்டு டோக்கியோவில் மறுபோட்டி, மறுபடியும் ஹராடா. பாண்டம்வெயிட்டின் எல்லாக் காலத்துக்கும் முதல்வர் என்று பலர் சொல்லும் ஜோஃப்ரே, 78 போட்டிகளில் தோற்றது இரண்டே முறை, இரண்டும் இவரிடம். ஒரு வெற்றியின் எடையைக் கணக்கிட இதைவிடத் தெளிவான சான்று குத்துச்சண்டை ஏடுகளில் கிடைப்பது கடினம்.

பிறகு 1969, சிட்னி. ஃபெதர்வெயிட் பட்டத்துக்காக ஜானி ஃபேமஷானோடு மோதினார். ஒருமுறைக்கு மேல் கீழே விழுந்தவர் ஃபேமஷான்தான். நடுவரும் மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆள்: பழைய மாபெரும் ஃபெதர்வெயிட் வில்லி பெப். அவர் முதலில் சமன் என்று இருவர் கையையும் உயர்த்தினார். அட்டையைச் சரிபார்த்தபோது ஒரு புள்ளியில் ஃபேமஷான் வென்றதாக ஆனது. அந்த ஓர் இரவு வேறுமாதிரி முடிந்திருந்தால், பிரிவுகள் இன்னும் இத்தனையாகப் பெருகாத காலத்தில் மூன்று எடைகளின் உலக சாம்பியன் என்று ஆம்ஸ்ட்ராங்கின் பெயருக்குப் பக்கத்தில் ஹராடா பெயர் எழுதப்பட்டிருக்கும். ஒரு நடுவரின் கூட்டல் பிழையைவிட நுட்பமாகப் பார்க்க உங்களுக்கு அரை நூற்றாண்டு அவகாசம் இருந்திருக்கிறது.

தொழில்முறைக்கே வராதவர்கள், வந்தும் தடுக்கப்பட்டவர்கள் பற்றிச் சுருக்கமாக: கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சன் மூன்று ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வென்றும் பெரும் பணத்தை மறுத்து அமெச்சூராகவே நின்றார். ஹங்கேரியின் லாஸ்லோ பாப் மூன்று ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு தொழில்முறைக்கு வந்து தோல்வியே காணாமல் ஐரோப்பியச் சாம்பியனானார். உலகப் பட்டத்துக்கு மோதவிருந்த நேரத்தில் அவர் நாட்டு அரசு அனுமதியைப் பிடுங்கிக்கொண்டது. இவர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மற்றவர்களோடு கலந்து எண் போட முடியாது, விட்டுவிடவும் கூடாது.

படச்சுருள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் மதிப்பிடுவேன்’ என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். ஹாரி கிரெப் ஆடிய போட்டி ஒன்றின் படம்கூட எஞ்சவில்லை. பயிற்சி செய்யும் சில காட்சிகள் மட்டுமே உண்டு. அதற்காக, 1922-இல் தன்னைவிடக் கனமான ஜீன் டன்னியின் மூக்கை முதல் ரவுண்டிலேயே உடைத்து, 15 ரவுண்டு ரத்தம் வழிய வழிய ஆடவைத்து வென்றது நடக்காமல் போய்விடுமா? டன்னி தன் வாழ்நாளில் தோற்றது அந்த ஒரே போட்டியில்தான். டெம்ப்சியை இரண்டு முறை வென்ற மனிதர் அவர். கிரெப் ஒரு மிடில்வெயிட். ஒரு கண்ணில் பார்வை போன பிறகும் ஆண்டுக்கணக்கில் ஆடியவர். ஆடிய போட்டிகள் சுமார் 300. 1919-இல் மட்டும் 45. ராபின்சனின் வெல்டர்வெயிட் உச்சக் காலமும் படத்தில் ஏறக்குறைய இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் முப்பதைத் தொட்ட, மிடில்வெயிட்டுக்கு ஏறிய ராபின்சனை. படம் கிடைத்தால் பாருங்கள். கிடைக்காத இடத்தில் எதிராளிகளின் பெயர்களைப் படியுங்கள். அன்றன்றைய செய்தித்தாள்கள் நூலகங்களில் இருக்கின்றன.

என் வரிசையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் ராபின்சன். அடுத்து கிரெப், லாங்ஃபோர்டு, ஆம்ஸ்ட்ராங் மூவரும். இவர்களுக்குள் யார் முன்னே என்று என்னால் உறுதியாக முடிவு செய்ய முடியவில்லை. ஐந்தாவது சார்ல்ஸ். அலி ஆறு. 25 வயதிலிருந்து 28 வரை போருக்கு மறுத்ததற்காக அவரிடமிருந்து பறிக்கப்பட்ட மூன்றரை ஆண்டுகளை எந்தப் பட்டியலாலும் திருப்பித் தர முடியாது. திரும்பி வந்தபோது கால்கள் பழைய கால்களாக இல்லை. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு ஃபிரேசியரையும் ஃபோர்மனையும் வென்றார். அடுத்து பனாமாவின் ரொபெர்ட்டோ டுரான், லூயிஸ், பெப், பாக்கியாவ். மேவெதர் முதல் இருபதுக்குள் கட்டாயம். மார்சியானோ அதற்கும் பின்னால். ஹராடா முதல் முப்பதுக்குள். டைசன் ரசிகர்கள் என்னை மன்னிக்கட்டும்: 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த டைசனைப்போல் பயமுறுத்திய ஹெவிவெயிட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் தனக்கு இணையானவர்களோடு மோதிய பெரிய போட்டிகளில் அவர் வென்றது மிகக் குறைவு.

இந்த வரிசையில் எதையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அடுத்த பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பெயருக்கும் கீழே நான்கு வரிகள் சேருங்கள்: அவருடைய மூன்று சிறந்த வெற்றிகள், அன்று இருவரின் வயதும் எடையும், அவர் மோதாமல் விட்ட பெரிய பெயர், அவருக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பு. வெற்றி-தோல்வி எண்ணிக்கையை அதற்குக் கீழே சிறிய எழுத்தில் போடுங்கள். லாங்ஃபோர்டையும் சார்ல்ஸையும் உங்கள் பட்டியலில் பத்துக்கு வெளியே வைப்பதானால், அதற்கான காரணத்தை ஒரு பத்தியாவது எழுதுங்கள். மறுத்து எழுத நாங்கள் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு குத்துச்சண்டை ரசிகன்